தீப்பந்தம் பிடித்த இருவர்

ஸ்டாண்டு காமிராவில் படம் எடுத்தவனுக்குத்தான் இது தெரியும். பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால், அங்கே பால்கண்ணாடியில் உலகம் தலைகீழாகத் தெரியும். மாப்பிள்ளை தலைகீழ், பெண் தலைகீழ், நடுவில் இடித்துக்கொண்டு நிற்கிற மாமியாரும் தலைகீழ். புதிதில் சிரிப்பு வரும், அப்புறம் பழகிப்போகும். எனக்கும் பழகித்தான் இருந்தது. நடுவில் சில மாதம் அந்தத் துணிக்குள் தலையை விடவே நான் பயந்தேன் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். பயந்தவன் நான், அவர்கள் இல்லை.

ராயபுரத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் என் ஸ்டூடியோ. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து மளிகை மொத்த வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டுவிட்டு, திங்கட்கிழமை விடிந்ததும் மிளகாய் மூட்டைக்கு முன்னால் உட்காருகிற கிறிஸ்தவர்கள். எனக்கு மிளகாய் நெடி ஆகவில்லை. காமிராவைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சத்துக்கு வழி செய்துகொண்டேன். பேய், பிசாசு, சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கீழே கடையில் என் அண்ணன்மார்கள் வேண்டுமென்றே ஆரம்பிப்பார்கள்.

சுதந்திரம் வந்த மறுவருஷம். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். தோல் ஏற்றுமதி செய்த ஒரு துரை எனக்கு ஆள் அனுப்பினார். தண்டையார்பேட்டைப் பக்கம், தோப்புக்குள் பழைய பங்களா. நாற்காலி மேசையெல்லாம் ஏலத்தில் போய் வீடு மொட்டையாக இருந்தது. ஒரு கல்லைப் படம் எடுக்க வேண்டும் என்றார். இளவயதில் இத்தாலியில் வாங்கியதாம். எடை அதிகம், மறுபடி கப்பலேற்றக் கட்டாது, படமாவது கூட வரட்டும் என்றார். எனக்கு எரிச்சல். கல்யாணம் எடுத்திருக்கிறேன், காதுகுத்து எடுத்திருக்கிறேன், பிணத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து வீட்டார் சுற்றி நிற்க எடுத்திருக்கிறேன். கல்லை யார் எடுப்பார்கள்?

அந்தக் கல், பங்களாவுக்கு அடியில் ஒரு நிலவறையில் கிடந்தது. வெளியே பட்டப்பகல், உள்ளே இருட்டு. கடலோர மண்ணானதால் சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. துரை அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபோது எனக்கு முதலில் தெரிந்தது ஒரு காளையின் முகம். அதன் மூக்கில் யாரோ விரலை விட்டுத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரடி பின்வாங்கினேன். துரை சிரித்தார்.

பளிங்குக் கல், என் மார்பு உயரம் இருக்கும். ஒரு வாலிபன் காளையை மடக்கி, அதன் முதுகில் முழங்காலை ஊன்றி, தோளில் கத்தியை இறக்குகிறான். தலையில் நுனி முன்னால் மடங்கிய குல்லாய். பின்னால் காற்றில் விரிந்த போர்வை. குத்துகிறவன் காளையைப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி வேறெங்கோ பார்க்கிறான். அந்த முகத்தில் கோபமே இல்லை, வருத்தம்தான் இருந்தது. காயத்தில் வழிகிற ரத்தத்துக்கு ஒரு நாயும் ஒரு பாம்பும் வாயை நீட்டுகின்றன. ஒரு தேள் காளையின் விதையைப் பிடித்திருக்கிறது. சாகிற மாட்டின் வால்நுனி கோதுமைக் கதிராக முளைத்திருக்கிறது. மேலே ஒரு மூலையில் சூரியன், மறுமூலையில் சந்திரன், சூரியன் பக்கத்தில் ஒரு அண்டங்காக்கை.

இவ்வளவு அமளிக்கும் இரண்டு ஓரத்திலும் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களைத்தான் நான் வெகு நேரம் பார்த்தேன். அதே குல்லாய், அதே முகம், ஒரு காலுக்குக் குறுக்கே மறுகாலைப் பின்னிக்கொண்டு சாவகாசமாக நிற்கிறார்கள். ஆளுக்கொரு தீப்பந்தம். ஒருவன் பந்தத்தை மேலே தூக்கியிருக்கிறான். மற்றவன் தரையைப் பார்த்துக் கவிழ்த்திருக்கிறான். பக்கத்தில் ஒரு உயிர் போகிறதே என்ற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை.

துரை பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் கதை சொன்னார். வெளிச்சத்தின் கடவுளாம், மித்ரன் என்று பெயராம், உங்கள் வேதத்திலும் உண்டு என்றார். என் வேதத்தில் இல்லை என்றேன். ரோமாபுரிப் பட்டாளத்துக்காரர்கள் கும்பிட்ட சாமி. கோயிலைக் குகை மாதிரி பூமிக்கு அடியில் கட்டுவார்களாம், ஜன்னலே கிடையாதாம். இரண்டு பக்கமும் திட்டில் சாய்ந்துகொண்டு விருந்து சாப்பிடுவார்களாம். கோடிச் சுவரில் இந்தக் காட்சி இருக்குமாம். எந்த ஊரில் தோண்டினாலும் இதே காளை, இதே நாய், இதே பாம்பு, இதே தேள். எதற்கு இதெல்லாம் என்று எழுதி வைத்த ஏடு ஒன்றும் கிடைக்கவில்லையாம். பந்தக்காரர்களில் ஒருவன் உதயம், மற்றவன் அஸ்தமனம் என்பார்கள் என்றார். அப்புறம் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, அந்த இருவரும் நடுவில் குத்துகிறவனும் மூன்று பேர் இல்லை, ஒரே ஆள்தான் என்றும் சிலர் சொல்வார்கள் என்றார். எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. இருட்டில் படம் வராது, மேலே கொண்டுவரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி ஏறினேன்.

கல்லை மேலே ஏற்றக் காசிமேட்டுக் குப்பத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கிற நாளில் மீன்பிடிக்கிறவர்கள் துறைமுகத்தில் சுமைதூக்கப் போவார்கள். அவர்களில் இரண்டு பேர் இரட்டைப் பிள்ளைகள். பெரியவன், சின்னவன் என்றுதான் ஊரே கூப்பிடும். இருபது வயசுக்கு மேல் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே உயரம், ஒரே மார்பு, அரையில் அவர்கள் ஆத்தா கட்டிய ஒரே மாதிரி கறுப்புக் கயிறு, முழங்கைக்குக் கீழே ஒரே மாதிரி பச்சை குத்திய மீன். முகத்தை நன்றாகப் பழகினவர்கள்தான் பிரித்துச் சொல்ல முடியும். கட்டுமரத்தைக் கரையேற்றுகிற மாதிரி கயிறு போட்டு, உருளை வைத்து, கல்லைத் தோட்டத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

வெயிலில் கல்லைப் பார்த்துப் பெரியவன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நம்ம ஆத்தா கோயிலில் கெடா வெட்டுவதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும் என்று மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னான். சின்னவன் தேள் பிடித்திருக்கிற இடத்தைக் காட்டி ஏதோ சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை கல்லைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஓடிப்போய்ப் பழந்துணியும் எண்ணெயும் கொண்டுவந்து, இரண்டு பந்தம் சுற்றச் சொன்னார். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், அந்தச் சிலைகள் நிற்கிற மாதிரியே காலைப் பின்னி நிற்க வேண்டும். சின்னவன் கையில் தூக்கிப் பிடிக்கிற பந்தம். பெரியவன் கையில் கவிழ்க்கிற பந்தம்.

பெரியவன் தயங்கினான்.

“பந்தத்த கீய புடிக்கறது சுடுகாட்டுல தான் தொர. கொள்ளி வெக்கும்போது.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். இது சாவு இல்லை, சூரியன் மேற்கே இறங்குவது, காலையில் திரும்பி வந்துவிடும் என்று துரை சொன்னார். அதையும் நான் தமிழில் சொன்னேன். பெரியவன் என்னைப் பார்த்து, திரும்பி வருமா, நிச்சயம்தானே என்று சிரித்தபடி கேட்டுவிட்டுப் பந்தத்தைக் கவிழ்த்துப் பிடித்தான்.

நான் துணிக்குள் தலையை விட்டேன். பால்கண்ணாடியில் கல், காளை, ஆட்கள், தோட்டம் எல்லாம் வழக்கம்போலத் தலைகீழ். அதில் பெரியவன் பந்தம் மேல்நோக்கி இருந்தது. சின்னவன் பந்தம் கவிழ்ந்திருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அசைகிற தீயை அதுவரை நான் அந்தக் கண்ணாடியில் பார்த்ததில்லை. இரண்டு தீயும் கீழ்நோக்கி ஒழுகிக்கொண்டிருந்தன. சின்னவன் பந்தத்திலிருந்து ஒழுகிய தீ கண்ணாடியின் அடி விளிம்புவரை இறங்கி, அங்கே இல்லாமல் போயிற்று. சீக்கிரம் எடுத்து முடித்துவிட்டு வெளியே வந்தேன்.

துரை கப்பலேறிவிட்டார். கல் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. பங்களா இருந்த இடத்தில் கிடங்கு கட்டிவிட்டார்கள். துரையின் சம்மதத்தோடு, படம் பதிந்த கண்ணாடிப் பிளேட் ஒன்றை நான் வைத்துக்கொண்டேன். என் கையால் எடுத்ததில் அவ்வளவு சுத்தமான படம் வேறு இல்லை. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, மாடிப்படிக்குக் கீழே தெருவைப் பார்த்த கண்ணாடிப் பெட்டியில் மாட்டினேன். மீன் கூடையோடு போகிற பெண்கள் நின்று பார்ப்பார்கள். இரட்டையர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர்கள் ஆத்தா அதைச் சாமி படங்களோடு மாட்டி, இவன் பெரியவன், இவன் சின்னவன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாளாம்.

அதற்குச் சில வருஷம் கழித்து, ஒரு ஐப்பசியில், மழை விட்ட ஒரு நாள் பார்த்து இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் பழவேற்காட்டுப் பக்கம் போனார்கள். அன்று மத்தியானம் காற்று மாறியது. போன மற்ற மரங்கள் எல்லாம் அடித்துப் பிடித்துக் கரை சேர்ந்தன. இவர்கள் மரம் வரவில்லை. இதற்குள் இருவருக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. பெரியவன் பெண்சாதி வாய்த்துடுக்கு. மீன் விலையில் அவளிடம் யாரும் ஜெயிக்க முடியாது. சின்னவன் பெண்சாதி வந்து ஒரு வருஷம்கூட நிறையவில்லை, முந்தின தையில்தான் கல்யாணம். குரலே வெளியே வராது. ஓரகத்திகள் இருவரும் கரையில் உட்கார்ந்தது உட்கார்ந்தபடி இருந்தார்கள்.

பல நாள் கழித்து எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு உடல் ஒதுங்கியது. அரையில் கறுப்புக் கயிறு, கையில் பச்சை குத்திய மீன். முகம் இல்லை. மீன்கள் தின்றிருந்தன. ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் காலைத் தடவிப் பார்த்தாள், கையைத் தடவிப் பார்த்தாள், தலைமயிரை முகர்ந்து பார்த்தாள்.

“எம்புள்ள தான். எவன்னு தெர்ல.”

அன்றே, பேர் சொல்லாமல் அடக்கம் செய்தார்கள். வேறு வழியில்லை. ஆனால் கருமாதிக்குப் பேர் வேண்டும். யார் போனான் என்று தெரிந்தால்தான் எவள் தாலி போகவேண்டும் என்று தெரியும். உடல் ஒதுங்காதவரை மற்றவன் உயிரோடு இருக்கிறான் என்பதுதான் குப்பத்துக் கணக்கு. இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி முண்டச்சி, ஒருத்தி சுமங்கலி. எவள் எது என்று அந்தக் குப்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. அந்த இரண்டு பேருக்குமே தெரியாது.

அப்போதுதான் என் கண்ணாடிப் பெட்டி முன்னால் கூட்டம் சேர ஆரம்பித்தது. முதலில் எனக்கு விளங்கவில்லை. கீழே இறங்கிப் போய்க் கேட்டபோது, பந்தத்தைக் கீழே பிடித்தவன் எவன், அவன் பெரியவன்தானே என்று ஒருவன் கேட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரையும் திட்டி விரட்டிவிட்டு, படத்தைக் கழற்றி மேலே கொண்டுபோய்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். கழற்றினதே தப்பாகப் போயிற்று. ஸ்டூடியோக்காரனே பயந்து எடுத்துட்டான், அப்போ உண்மைதான் என்று பேச்சு வேகமாகப் பரவியது.

மறுநாள் குப்பத்துப் பஞ்சாயத்தார் மூன்று பேர் படியேறி வந்தார்கள். படத்தைப் பார்க்கவேண்டும் என்றார்கள். ஆத்தா வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்றேன். அதை அவள் மடியில் வைத்துக்கொண்டு யாருக்கும் தரமாட்டேன் என்கிறாளாம். சரி என்று எடுத்துக் காட்டினேன். மூன்று பேரும் நின்றபடி பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் விரலால் தொடாமலே பெரியவனைக் காட்டி, தெரிஞ்சே கவுத்துப் புடிச்சிருக்கான் பாரு என்றார்.

என் கோபம் அப்போது எப்படி வந்தது என்று சொல்லி முடியாது. ஒரு வெள்ளைக்காரன் விளையாட்டுக்குப் பிடிக்கச் சொன்னான், இவன் பிடித்தான், நான்தான் அங்கே இருந்தேனே என்று கத்தினேன். ஒரு பொம்மையைப் பார்த்து ஒரு பெண்ணின் தாலியை அறுப்பீர்களா என்று கேட்டேன். அவர்கள் கோபப்படவில்லை. மூத்தவர் நிதானமாகச் சொன்னார்: ஒருத்தி தாலியை வாங்கித்தான் ஆகவேண்டும் அண்ணாத்த, வாங்காவிட்டால் போனவன் அலைவான், நாங்கள் எதைப் பார்த்து முடிவு செய்வது, நீயே சொல். ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் காமிரா வழியாகப் பார்த்தால் எல்லாம் தலைகீழ், அதில் பெரியவன்தான் மேலே பிடித்திருந்தான், சின்னவன்தான் கவிழ்த்திருந்தான், அதை வைத்து முடிவு செய்யுங்களேன் என்றேன். கேலிக்குத்தான் சொன்னேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனுஷன் கண்ணால் பார்ப்பதுதான் கணக்கு என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

அன்று சாயங்காலமே பெரியவன் பெண்சாதி வந்தாள். நான் சொன்னது எப்படியோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. வாய்த்துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ, வாசலிலேயே நின்றாள். அந்தப் பொட்டி வழியாக ஒரு தரம் பார்க்கணும் அண்ணே என்றாள். வேண்டாம் அம்மா, அதில் ஒன்றும் இல்லை, அது வெறும் கண்ணாடி செய்கிற வேலை என்று எவ்வளவோ சொன்னேன். நகரவில்லை. கடைசியில் படத்தை நாற்காலியில் நிறுத்தி, காமிராவை அதற்கு நேராகத் திருப்பி, துணியைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே தலையை விட்டாள். அப்படியே நின்றாள். வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்தே பேசினாள்.

“எம்புருசன் மேல தான் புடிச்சிகினு கீறாரு.”

வெளியே வந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பார்த்து எனக்குப் பகீரென்றது. இல்லாத நம்பிக்கையைக் கொடுத்துவிட்டோமே என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

கருமாதி பெரியவன் பேரில்தான் நடந்தது. கடற்கரையில் பெண்கள் சுற்றி நின்று தாலியை வாங்கியபோது அவள் அழவில்லையாம். வாங்கினதைப் பத்திரமாக வையுங்கள், அவர் வந்து கேட்பார் என்றாளாம். பித்துப் பிடித்துவிட்டது என்று எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். அப்புறம் மார்கழி முழுக்க ஓரகத்திகள் இருவரும் விடிந்ததும் கரைக்குப் போய் நிற்பார்கள். ஒருத்தி வெள்ளைச் சேலை. ஒருத்தி தலை நிறையப் பூ. பூ வைத்தவளிடம் உன் புருஷன் வந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளைச் சேலைக்காரியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பொங்கல் முடிந்த வாரத்தில், ஒரு நாள் காலையில், கீழே கடையிலிருந்து என் அண்ணன் கத்திக் கூப்பிட்டான். துறைமுகத்துச் சுவரோரமாக ஒருவன் நடந்து வந்தானாம். தாடி, எலும்பும் தோலும். அவனை நோக்கிக் குப்பமே ஓடியதாம். சின்னவன் வந்துவிட்டான் என்று சின்னவன் பெண்சாதி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினாளாம். நாலடி இருக்கும்போது நின்றுவிட்டாளாம்.

வந்தவன் பெரியவன்.

நானும் போனேன். கருமாதி முடிந்த ஆள் நேரே வீட்டுக்குள் காலை வைக்கக்கூடாது என்று அவனைக் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்திருந்தார்கள். குரல் கரகரவென்று இருந்தது. மரம் பிரிந்துபோய் ஒரே கட்டையில் இருவரும் தொங்கினார்களாம். முதல் ராத்திரி கழிந்து விடிகிற நேரத்தில் சின்னவன் கையை விட்டுவிட்டானாம். இவன் கண்ணெதிரில் போனானாம். நீரோட்டம் இவனைத் தெற்கே இழுத்துக்கொண்டு போயிற்றாம். கரையே தெரியாத இடத்தில் ஒரு அண்டங்காக்கை வந்து கட்டையின் நுனியில் குந்தி, அவனையே பார்த்துக்கொண்டிருந்ததாம். அது எழும்பிப் பறந்த திசையில்தான் யாழ்ப்பாணத்துக்கு ஓடு ஏற்றிப்போன ஒரு பாய்மரத் தோணி தெரிந்ததாம். அங்கே ஜுரத்தில் கிடந்து, தேறி, இன்னொரு தோணியில் வந்திருக்கிறான்.

தோணியிலிருந்து தவறி வந்த காக்கையாக இருக்கும் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். இருக்கும். காக்கை கப்பலோடு போவது துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த மண்டபத்தில், அந்த வெயிலில் எனக்குக் குளிர் எடுத்தது. பஞ்சாயத்து மூத்தவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. என் கேலிதான் பலித்திருந்தது. பலிக்காமல் போயிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு கண்ணாடித் துண்டும் ஒரு கல்லும் சேர்ந்து, எவன் இருப்பான் எவன் போவான் என்று அத்தனை வருஷத்துக்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டதாக நினைக்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

பஞ்சாயத்தார் அங்கேயே கூடினார்கள். பெரியவன் தன் பெண்சாதிக்கு மறுபடி தாலி கட்டித்தான் வீட்டுக்குள் போகவேண்டும். அதை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சின்னவன் காரியம் பாக்கி நிற்கும்போது அந்த வீட்டில் தாலி கட்டக்கூடாது. அதனால் சின்னவன் பெண்சாதியின் தாலியை இன்று பொழுது சாய்வதற்குள் வாங்கிவிட வேண்டும். யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவள் ஒரு தூணோடு ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் தாண்டியிருக்கும். படியில் காலடிச் சத்தம் கேட்டது. முன்னால் பெரியவன் பெண்சாதி, அதே வெள்ளைச் சேலையில், நெற்றியில் ஒன்றுமில்லாமல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் சின்னவன் பெண்சாதி. கல்யாணச் சேலை, தலை வாரிப் பின்னி நெருக்கமாகக் கனகாம்பரம், பெரிய பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. வெள்ளைச் சேலைக்காரிதான் அவளுக்கு எல்லாம் செய்துவிட்டிருக்கிறாள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவள் கையெல்லாம் மஞ்சளாக இருந்தது.

“இவளுக்கு ஒரு படம் எடு அண்ணே. கீய அல்லாரும் நின்னுகினு கீறாங்க. எடுத்தப்பறம் தான் வருவோம்னு சொல்லிட்டேன்.”

நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். சின்னவள் உட்கார்ந்தாள். கழுத்துக் கயிற்றை எடுத்துச் சேலைக்கு வெளியே, நன்றாகத் தெரிகிற மாதிரி போட்டுக்கொண்டாள். அவள் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

“அவுரு இன்னும் வர்ல, வந்துகினு கீறாருன்னு வெச்சிகினு எடுண்ணே.”

சரி அம்மா என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷத்தில் எடுத்து அனுப்பிவிடுவேன். அன்று எனக்குக் கை ஓடவில்லை. நான் ஓடவும் விடவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டேன், மறுபடி அந்தப் பக்கம் போட்டேன். திரையை மாற்றினேன். வெளிச்சம் போதவில்லை, மேகம் விலகட்டும் என்றேன். மேகமே இல்லை. லென்சைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன். முகவாயைக் கொஞ்சம் தூக்கு அம்மா என்றேன், கொஞ்சம் இறக்கு என்றேன். நான் சொன்னபடியெல்லாம் அவள் கேட்டாள். தெருவிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். பெரியவன் பெண்சாதி ஜன்னலுக்குப் போய், இன்னும் ஆகவில்லை, இருங்கள் என்று பழைய குரலில் ஒரு அதட்டல் போட்டாள். திரும்பி வந்து, சின்னவள் தலையில் சரியாகவே இருந்த பூவை மறுபடி சரிசெய்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

துணிக்குள் தலையை விட்டேன். அங்கேயே நின்று அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது கூரைக் கண்ணாடியில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. பிளேட்டைச் செருகினேன். இது சரியில்லை, வேறு பிளேட் கொண்டுவருகிறேன் என்று மறுபடி வெளியே எடுத்தேன்.

“போதும் அண்ணே. எடுத்துடு” என்றாள் சின்னவள்.

எடுத்தேன். லென்ஸ் மூடியைக் கழற்றினேன், மறுபடி போட்டேன். முடிந்தது என்று அவளாகவே புரிந்துகொண்டாள். ஆனாலும் உடனே எழுந்திருக்கவில்லை.

“சிரிச்சனா அண்ணே?” என்றாள்.

சிரித்தாய் அம்மா, நன்றாகச் சிரித்தாய் என்றேன். பொய் இல்லை, உண்மையாகவே சிரித்திருந்தாள். அவள் எழுந்து சேலையை நீவிவிட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள்.